நான்கு நொடி

ஐந்தே முக்காலுக்கு வந்து ஒலிப்பலகையை உசுப்புவது என் வேலை.
ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்க நெல்பா நுழைவாள்,
அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தேக் குடுக்கை,
வாயில் ஏற்கெனவே பாதி வாக்கியம்.
வாரத்தில் ஐந்து நாள். பதினோரு வருடம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குரல்,
இந்தப் பக்கம் என் விரல்.

ஜூன் மாதம் யீ நதிக்கரையில்
சூரியன் எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்க்கும்.
அதுவரை ஊருக்கு நாம்தான் விளக்கு என்று
நெல்பா பீற்றிக்கொள்வாள்.

முதலில் மொந்தேவிதேயோ:
பட்ஜெட் விவாதத்தில் ஒருவர் மறுத்தார்,
மறுத்ததை இன்னொருவர் மறுத்தார்.
பிறகு கம்பளி விலை. இரவு திறந்திருந்த மருந்துக்கடை.
காணாமல்போன ஒற்றைக்காது நாய்,
பிஸ்தோலா என்று கூப்பிட்டால் வரும்,
வராவிட்டால் அது வேறு நாய்.
ஏழுக்குக் கலாசாரம்:
நூலக மாடியில் பொம்மலாட்டம், அனுமதி இலவசம்,
நாற்காலியை மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வரவும்.

ஏழே காலுக்கு, தவறாமல், தோன் எவுலோஹியோ.
மூன்று வருடமாக ஒரே புகார்:
சலாதேரோ தெருமுனையில் விளக்கு எரியவில்லை.
நகராட்சி எழுதிக்கொண்டது.
எழுதிய தாளைத் தொலைத்தது.
மறுபடி எழுதிக்கொண்டது.
நெல்பா ஒருநாளும் அவரை அவசரப்படுத்தியதில்லை.
அவளுக்கும் அதே தெரு.
இருட்டில் சாவித்துவாரம் துழாவுகிறவள்தான்.
அதை மட்டும் ஒலிவாங்கியிடம் சொன்னதில்லை.
"கேக்கறவங்க கதையே மலைபோல இருக்கு,
நம்ம கதையை எங்கே வைக்கிறது" என்பாள்.

மூன்று நாள் மழை.
செவ்வாய் இரவு இருவரும் நிலையத்திலேயே படுத்தோம்,
அவள் சோபாவில், நான் விளம்பரப் பதாகைகளின் மேல்.
புதன் ஆறரைக்கு அவள் கையில் பட்டியல்,
உடனே காலிசெய்ய வேண்டிய தெருக்கள், அகர வரிசையில்.
சலாதேரோ கடைசிக்கு முந்தியது.
மற்றவற்றைப் போலவே அதையும் படித்தாள்,
அதே வேகம், அதே உச்சரிப்பு.
பிறகு ஒரு மடக்கு மாத்தே உறிஞ்சினாள்.

ஏழே காலுக்குத் தொலைபேசி ஒளிர்ந்தது.
"நெல்பா, நம்ப மாட்டீங்க. விளக்கு எரியுது!"
பின்னால் தண்ணீர்ச் சத்தம். மாடியிலிருந்து பேசுகிறார்.
"நல்லாத் தெரியுது. எதிர்வீட்டுப் பச்சைக் கதவு,
கைப்பிடி வரைக்கும் தண்ணி.
கூரைமேல ஒரு பூனை. எல்லாரையும் திட்டிக்கிட்டிருக்கு."

எங்கள் பலகையில் ஒரு மணி உண்டு.
ஐந்து நொடி மௌனம் என்றால் அலறும்.
ஒன்று.
என் விரல் ஒரு சோப்பு விளம்பரத்தின் மேல் நின்றது.
இரண்டு.
கண்ணாடிக்கு அப்பால் அவள்
குடுக்கையின் மூடியைத் திருகினாள், அதற்கு மூடியே கிடையாது.
மூன்று.
எதிர்வீடு யாருடையது என்று அந்த மனிதருக்குத் தெரியாதா?
தெரிந்துதான் சொன்னாரா,
புகார் என்ற ஒரே பாஷையில்?
நான்கு.

"பூனை என்ன நிறம், தோன் எவுலோஹியோ?"
"மஞ்சள். வால் நுனி மட்டும் வெள்ளை."
"நன்றி. நதி இப்போது எட்டு மீட்டர் தொண்ணூற்றிரண்டு.
அடுத்து வானிலை."

நான் விளம்பரத்தைப் போடவில்லை.
போட்டிருக்கலாமோ என்று இன்னும் சில காலைகளில் தோன்றும்.

எட்டரைக்குச் சமையல் பகுதி, பூசணி ஜாம்.
ஒரு கிலோ பூசணிக்கு எண்பது கிராம் சர்க்கரை என்றாள்.
மன்னிக்கவும், எட்டுக் கிலோ என்று திருத்தினாள்.
மற்ற நாளில் ஒரு சிட்டிகை உப்பு பிசகினாலே
பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், சண்டைக்கு.
அன்று ஒரு பொத்தானும் ஒளிரவில்லை.
வெளியே மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.
எத்தனை வீட்டில் அந்த ஜாமைக் கிண்டினார்களோ,
எப்படி வந்ததோ,
ஒருவரும் இதுவரை சொல்லவில்லை.